சாக்கில் ஏறாத மஞ்சள்

வெள்ளம் வடிந்து பதினோரு வாரம்.
சுரங்கத் தொழிலாளர் கூடத்தில் ஹீட்டர் இலவசம் என்றார்கள்.
அதற்காகத்தான் போனேன்.
வேல்ஸில் வசந்தம் என்பது காலண்டரில் மட்டும்.
என் வீட்டுச் சுவர் இன்னும் ஈரம்,
தொட்டால் விரலோடு சுண்ணாம்பு வரும்.

மேசை நீளத்துக்கு ஒரு காபிக்கொட்டைச் சாக்கு.
என்னோடு ஒன்பது பேர், ஆளுக்கொரு கொக்கி.
மேலிருந்து குத்தி
அடியில் பிடித்திருக்கும் துணிக்கீற்றை இழுத்தால்
ஒரு வளையம்.
பக்கத்தில் இன்னொன்று.
இவ்வளவுதான் வேலை.
பேசித்தான் ஆகணும் என்றில்லை என்று
முதல் நாளே சொல்லிவிட்டாள் எலூனெட்,
பேருந்து ஓட்டுகிறவள்,
திருப்பத்தில் வேகம் குறைப்பதுபோல் குரலைக் குறைத்து.

துணியெல்லாம் ஆறு புகுந்து எடுத்தவை.
மூன்று முறை துவைத்தும்
நாலாவது முறை வினிகர் விட்டும்
போகாத சேற்று வாசம்.
பள்ளிச் சீருடை, படுக்கை விரிப்பு,
தபால்காரர் ஒருவரின் கால்சட்டை,
மாட்டி இரண்டே மாதமான திரைச்சீலை.
யார் எதைக் கொண்டுவந்தார் என்று
பையைப் பிரிக்கும்போது எல்லாருக்கும் தெரியும்.
கீற்றாக வெட்டியபின் யாருக்கும் தெரியாது.
அது எனக்குப் பிடித்திருந்தது.

நெஸ்டாவுக்குக் கண் தெரியாது.
வாரா வாரம் உள்ளங்கையை விரித்துச்
சாக்கின்மேல் மெதுவாக ஓட்டுவாள்,
அரிசியில் கல் தேடுவதுபோல்.
"இங்கே யாரோ அவசரப்பட்டிருக்கீங்க."
நான்தான்.
"இங்கே யாரோ இறுக்கியிருக்கீங்க, கொஞ்சம் மூச்சு விடட்டும்."
அதுவும் நான்தான்.

இத்வால் வெட்டுவதோடு சரி.
கொக்கி பிடித்தால் கை நடுங்கும்.
கத்தரியில் மட்டும் ஏனோ நடுங்காது.
ஒரு வியாழக்கிழமை மழைக்கோட்டு ஒன்றைக் கொண்டுவந்தார்,
அடர் மஞ்சள், பெண்கள் அளவு.
காலருக்குள் தைத்திருந்த பெயரை
முதலில் வெட்டியெடுத்துத்
தன் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.
நாங்கள் எல்லாரும் அந்த நேரம் பார்த்து
நூல் தேடினோம்.

ரப்பர் பூசிய துணி.
சாக்கில் ஏறவில்லை.
எலூனெட்டின் கொக்கி வளைந்தது.
என் ஆள்காட்டி விரலில் ரத்தம்.
சோப்புத் தடவிப் பார்த்தோம்.
மாறி மாறி இழுத்தும்
அன்றைக்கு நாலே வளையம்.
நெஸ்டாவின் கை அங்கே வந்ததும் நின்றது.
"சில்லுன்னு இருக்கு" என்றாள்.
பிறகு, "இருக்கட்டும்."
இத்வால் அடுத்த கீற்றை வெட்டினார்.

கவுன்சிலிலிருந்து ஓர் இளைஞன் வந்தான், படிவங்களோடு.
கடந்த இரு வாரங்களில் மனம் லேசாக இருந்ததா,
ஒன்றிலிருந்து ஐந்துக்குள் வட்டமிடவும்.
நெஸ்டா தாளை வாங்கித் தடவினாள்,
முன்பக்கம், பின்பக்கம்.
"இதுல ஒண்ணுமே இல்லையேப்பா."
அவனும் சிரித்துவிட்டான், பாவம்.
அவன் அம்மா வீட்டிலும் இடுப்பளவு தண்ணீராம்.
உட்கார்ந்தவன் பச்சையில் பன்னிரண்டு வளையம் போட்டான்,
அத்தனையும் கோணல்.
யாரும் பிரிக்கவில்லை.
நான் மூன்றில் வட்டமிட்டேன்.
தூக்கம் வருகிறதா என்று கேட்டிருந்தால்
ஐந்து போட்டிருப்பேன்,
வியாழன் இரவுகளுக்கு மட்டும்.

கண்ணாடிச் சட்டம் போட்டு
நூலகத்தில் மாட்டலாம் என்றார்கள்.
அந்த ஒன்றுக்குத்தான் நாங்கள் சண்டை போட்டது.
இப்போது டாக்டரின் காத்திருப்பு அறையில் இருக்கிறது,
உட்கார்ந்தால் கை எட்டும் உயரத்தில்.
ரத்தப் பரிசோதனைக்கு வந்தவர்கள்
தங்களை அறியாமல் தடவுகிறார்கள்.
மஞ்சள் வந்ததும் விரல் விலகும்,
பிறகு திரும்பி அங்கேயே போகும்.

நேற்று இரண்டாவது சாக்கை விரித்தோம்.
ஏழே காலுக்குத் தகரக் கூரையில் மழை.
எல்லாக் கொக்கியும் நின்றன.
ஜன்னல் ஆற்றைப் பார்த்துத்தான் இருக்கிறது,
யாரும் அந்தப் பக்கம் திரும்பவில்லை.
எவ்வளவு நேரமோ.
முதலில் சத்தம் போட்டது இத்வாலின் கத்தரி.
ஜாடியை ஆட்டிப் பார்த்து
பால் தீர்ந்துபோச்சு என்றாள் நெஸ்டா.
யாராவது நனைந்துகொண்டு போகணும்.
நான் எழுந்தேன்.
எலூனெட் தன் கோட்டைத் தூக்கிப் போட்டாள்.